பெயர்த்த பாட்டு யாருடையது? பலோமா சான் பாசிலியோவின் மேடை வாழ்வை முன்வைத்து



வேற்று மொழியில் எழுதி இசையமைத்த நாடகம் ஒன்றை ஒரு நகரம் தன் மொழியில் பெயர்த்து மேடையேற்றுகிறது. மெட்டு பிறருடையது, கதை பிறருடையது, காட்சியமைப்புகூடப் பெரும்பாலும் பிறர் வகுத்தபடியே நடக்கிறது. அப்படியானால் அந்த நாடகத்தில் அந்த நகரத்துக்குச் சொந்தமானது என்ன? ஒன்றுமில்லை, இது இறக்குமதிச் சரக்கு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கலை வரலாறுகள் பலவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகின்றன. ஸ்பெயின் நாட்டுப் பாடகியும் இசை நாடக நடிகையுமான பலோமா சான் பாசிலியோவின் மேடை வாழ்வைச் சான்றாக வைத்து, இந்த முடிவு அவசர முடிவு என்று காட்டுவதே இப்பொழிவின் நோக்கம். பெயர்த்த இசை நாடகம் ஒரு நாட்டில் வேர் பிடிப்பதற்கு மெட்டு மட்டும் போதாது. அம்மொழியின் அசையையும் அழுத்தத்தையும் அறிந்து, சொல்லைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்க்கும் பாடகர் வேண்டும். அப்படிப் பாடுவதைக் கேட்டுப் பழகிய சபையும் வேண்டும். இரண்டும் ஸ்பெயினில் இருந்தன. அவை சந்தித்த இடங்களில் முக்கியமானது பலோமாவின் குரல்.

முதலில் சபையைப் பார்ப்போம். லண்டன், நியூயார்க் நாடகங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, வசனம் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று பாடத் தொடங்குவதை மாட்ரிட் மக்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்குக் காரணம் சார்சுவேலா. 17ஆம் நூற்றாண்டில் மாட்ரிட்டை அடுத்த அரச மாளிகை ஒன்றில் நடந்த ஆட்டங்களிலிருந்து பெயர்பெற்ற இந்த வடிவத்தில் பேச்சும் பாட்டும் மாறிமாறி வரும். அதற்கென்றே 1856இல் மாட்ரிட்டில் தனி அரங்கு எழுந்தது. இன்றும் அது இயங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருமணி நேரச் சிறு சார்சுவேலாக்கள் பெருகின. முழு இரவுக்கும் சீட்டு வாங்க வேண்டியதில்லை, ஒரு காட்சிக்கு மட்டும் வாங்கினால் போதும் என்றானதும் கூலிக்காரரும் கடைப்பையனும் அரங்குக்குள் வந்தார்கள். 1894இல் தோமாஸ் பிரெத்தோன் இசையமைத்த ‘லா வெர்பேனா தெ லா பலோமா’வின் கதாநாயகன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி, அவனுடைய பொறாமைக்கு இலக்கானவர் ஒரு கிழட்டு மருந்துக்கடைக்காரர். அவர்கள் பாடுவது மாட்ரிட் தெருப்பேச்சு. சொல் புரியாவிட்டால் அந்த நாடகத்தில் சிரிப்பும் இல்லை, கதையும் இல்லை. சொல்லைத் தெளிவாகப் பாடுவது அந்த மேடையின் முதல் சட்டமாக இருந்தது.

1930களுக்குப் பிறகு இந்த மரபு மெலிந்தது. உள்நாட்டுப் போர், அதன் பின் வந்த சர்வாதிகாரி பிராங்கோவின் நீண்ட ஆட்சி, திரைப்படத்தின் கவர்ச்சி எல்லாம் சேர்ந்ததில் புதிய சார்சுவேலாக்கள் அருகின; பழையவை மறுபடி மறுபடி நடந்தன. ஆனால் பயிற்சி சாகவில்லை. 1966இல் ‘எல் ஓம்ப்ரே தெ லா மாஞ்சா’ மாட்ரிட்டில் சார்சுவேலா அரங்கிலேயே மேடையேறியது. செர்வாந்தெஸின் டான் குயிக்ஸாட் கதையை அமெரிக்கர்கள் ஆங்கில இசை நாடகமாக்கி, முந்தைய ஆண்டுதான் நியூயார்க்கில் மேடையேற்றியிருந்தார்கள். சொந்தக் கதை கடல் தாண்டிப் போய்ப் பிறமொழிப் பாட்டோடு வீடு திரும்பியது என்று சொல்லலாம். அதில் நாயகனாகப் பாடிய லூயிஸ் சாகி-வேலா, தாயும் தந்தையும் சார்சுவேலாப் பாடகர்களாக இருந்த குடும்பத்தில் வந்தவர். அடுத்த பெரிய முயற்சி 1975 நவம்பரில் நடந்தது. புகழ்பெற்ற பாடகர் காமிலோ செஸ்தோ தன் பணத்தைப் போட்டு ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ இசை நாடகத்தை ஸ்பானிய மொழியில் மேடையேற்றினார்; இயக்கியவர் ஹைமே அஸ்பிலிகுவேத்தா. முதல் காட்சி நடந்த இரண்டு வாரத்தில் பிராங்கோ இறந்தார்.

1950இல் மாட்ரிட்டில் பிறந்த பலோமாவின் பெயர் வெளியே தெரியவந்ததும் இதே சமயத்தில்தான். 1970களின் நடுவில் ஸ்பானிய அரசுத் தொலைக்காட்சியில் தோன்றினார். 1975இல் ‘சோம்ப்ராஸ்’ என்ற முதல் இசைத்தட்டு வந்தது. அவர் பாடியவை வாத்தியக் குழு பின்னணியில் மெல்லத் தொடங்கி, இறுதியில் உச்சத்துக்கு ஏறும் காதல் பாடல்கள். அந்தப் பாடல்களின் அமைப்பே ஒரு சிறு நாடகம்: முதல் அடியில் நிலைமையைச் சொல்லி, நடுவில் தயங்கி, கடைசியில் முடிவெடுக்கும் ஒரு பெண். இதை மூன்றரை நிமிடத்தில் நம்பும்படி செய்பவருக்கு இரண்டு மணிநேர மேடை எட்டாத உயரம் இல்லை. 1980 டிசம்பரில், முப்பதாவது வயதில், ‘எவிட்டா’வின் ஸ்பானிய வடிவத்தில் அவர் அர்ஜென்டினா அதிபர் பெரோனின் மனைவி ஏவா பெரோனாக மாட்ரிட் மோனுமெந்தால் அரங்கில் நின்றார். இயக்கம் அதே அஸ்பிலிகுவேத்தா; பெயர்ப்பில் அவரோடு இக்னாசியோ ஆர்த்திமே சேர்ந்துகொண்டார். கதையைக் கிண்டலோடு சொல்லிச் செல்லும் சே பாத்திரத்தை ஏற்ற பாட்சி ஆந்தியோன், தன் பாடல்களைத் தானே எழுதிப் பாடும் கலைஞர்.

‘எவிட்டா’ லண்டனில் 1978இலும் நியூயார்க்கில் 1979இலும் வெற்றி பெற்ற நாடகம். அங்கெல்லாம் அது தூரத்து நாட்டின் கதை. மாட்ரிட்டில் அப்படியில்லை. 1947 ஜூனில் ஏவா பெரோன் ஐரோப்பியப் பயணத்தை ஸ்பெயினில்தான் தொடங்கினார். உலக நாடுகள் ஒதுக்கிவைத்திருந்த பிராங்கோவின் நாட்டுக்கு அர்ஜென்டினாவின் கோதுமை அப்போது உயிர்நாடி. பிராங்கோ அவருக்கு உயரிய விருதை அணிவித்தார். அரண்மனை மாடத்தில் இருவரும் நிற்க, கீழே சதுக்கத்தில் கூட்டம் திரண்டது. ‘எவிட்டா’வில் அந்தப் பயணத்துக்கென்றே ஒரு பாடல் இருக்கிறது. பதவியிழந்த பெரோன் 1960 தொடங்கிப் பதின்மூன்று ஆண்டு மாட்ரிட்டில்தான் குடியிருந்தார். இத்தாலியில் வேறு பெயரில் புதைத்து மறைத்திருந்த ஏவாவின் பதப்படுத்திய உடலை 1971இல் அந்த மாட்ரிட் வீட்டுக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அது அர்ஜென்டினா திரும்பியது 1974இல். ஆக, மேடையில் மாடமொன்றில் நின்று கைகளை உயர்த்திப் பாடும் பெண்ணை மாட்ரிட் சபை பார்த்தபோது, அச்சபையில் இருந்த நடுவயதினர் பலருக்கு அது வெறும் கேள்விப்பட்ட கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது. நாற்பதாண்டுச் சர்வாதிகாரத்தில் மாடத்துப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நாடகத் தணிக்கை நீங்கி மூன்றாண்டுகூட ஆகவில்லை. நாடகம் மேடையேறிய இரண்டே மாதத்தில், 1981 பிப்ரவரி 23 அன்று, ஆயுதம் தாங்கியோர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைக் கைப்பற்ற முயன்றார்கள். அதிகாரத்தின் கவர்ச்சியைப் பற்றிய நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊரும் காலமும் அமைவது அரிது.

இங்கே முதல் மறுப்பு எழும். காலமும் இடமும் பொருந்தியிருக்கலாம். பாடகியின் பங்கு என்ன? லண்டனில் ஈலைன் பெய்ஜும் நியூயார்க்கில் பாட்டி லுபோனும் வகுத்துக் கொடுத்த பாத்திரத்தை அவர் நகலெடுத்தார், அவ்வளவுதானே? இதற்கு விடை சொல்ல, பெயர்ப்பின் நுட்பத்தைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் மிகுதி. ஒரு சுரத்துக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டே போகலாம். ஸ்பானியச் சொற்களில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று அசை உடையவை; உயிரில் முடிபவை ஏராளம்; அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். எனவே ஆங்கில மெட்டில் ஸ்பானியச் சொல்லை அப்படியே இட்டால் அசை வழியும், அழுத்தம் தவறான சுரத்தில் விழும். ‘எவிட்டா’வின் பெயர்பெற்ற பாடலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது எட்டு அசை. ஸ்பானியத் தலைப்பான ‘நோ யோரெஸ் போர் மீ, ஆர்ஹெந்தினா’வைச் சொல் சொல்லாகப் பிரித்து எண்ணினால் ஒன்பது. ஆனால் ‘மீ’யின் ஈற்றுயிரும் அடுத்த சொல்லின் முதலுயிரும் அருகருகே நிற்கின்றன. உயிர் முன் உயிர் வந்தால் நாம் உடம்படுமெய் இட்டு இரண்டையும் காப்பாற்றுவோம். ஸ்பானிய யாப்பு இரண்டையும் ஓரசையாக உருக்கிவிடும். உருக்கினால் கணக்கு எட்டு. ஆனால் உருக்கும்போது ‘என்னை’, ‘எனக்காக’ என்ற பொருள் தரும் அந்த ‘மீ’ மங்கிப்போகலாம்; பாட்டின் உயிரோ அந்தத் தன்மைச் சொல்லில் இருக்கிறது. சேர்க்கவும் வேண்டும், மறையாமலும் பார்க்க வேண்டும். லண்டன் பாடகிக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆகவே அவரிடமிருந்து நகலெடுக்க இதில் ஒன்றும் இல்லை. இப்படிச் சிறுசிறு முடிவுகள் நாடகம் முழுவதும் நூற்றுக்கணக்கில் உண்டு. பாதியைப் பெயர்ப்பாளர் எடுக்கிறார். மீதியை ஒவ்வொரு மாலையும் பாடகர் எடுக்கிறார். பலோமாவின் ஒலிப்பதிவைக் கேட்பவர் எவரும், எழுத்தில்லாமலே சொற்களைப் பின்தொடர முடிவதை உணர்வார்கள். அச்சுக்கோப்பவனின் பொறாமையை ஒரு சொல் தவறாமல் கேட்டுப் பழகிய ஊருக்கு அந்தத் தெளிவு புதிதில்லை. விட்டுப்போன பழக்கம் திரும்பி வந்தது போன்றது.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருவது. அவர் தொலைக்காட்சியும் இசைத்தட்டும் உண்டாக்கிய நட்சத்திரம். வசூலுக்காக முகப்பில் நிறுத்தினார்கள். உண்மையான திறமை இருந்திருந்தால் 1985 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பத்தொன்பது நாடுகளில் பதினான்காம் இடத்துக்குப் போயிருப்பாரா என்று கேட்கலாம். வசூல் பற்றிய பாதி உண்மை. அரசு மானியத்தில் நடக்காத பெரிய நாடகத்துக்கு, சீட்டு விற்கும் பெயர் ஒன்று தேவைதான். காமிலோ செஸ்தோவும் அந்த வழியைத்தான் காட்டினார். ஆனால் பெயர் முதல் வாரச் சீட்டை விற்கும். பிந்தைய மாதங்களின் சீட்டை நாடகந்தான் விற்க வேண்டும். யூரோவிஷன் தோல்வியோ, கூர்ந்து நோக்கினால், என் வாதத்துக்கே சான்று. கோதன்பர்க் நகரில் அவர் பாடிய ‘லா பியெஸ்தா தெர்மினோ’ ஹுவான் கார்லோஸ் கால்தெரோன் இயற்றியது. விருந்து முடிந்தபின் மிஞ்சும் வெறுமையைச் சொல்லும் பாடல். 36 புள்ளி பெற்றது. அந்நாளில் ஒவ்வொரு நாடும் தன் மொழியிலேயே பாட வேண்டும் என்பது விதி. மதிப்பெண் இட்ட நடுவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது எல்லா நாட்டுக்கும் பொதுவான தடை அல்லவா என்றால், ஆம், பொதுவானதே. ஆனால் எல்லாரையும் ஒரே அளவில் தடுக்காது. வென்ற நார்வே இரட்டையர் தாளத்தை நம்பிய ஆட்டப் பாடலைக் கொண்டுவந்தார்கள். கால் தாளம் போட மொழி வேண்டாம். சொல்லை நம்பிப் பாடுபவர், சொல் புரியாத சபையில் பாதிக் குரலை இழந்தே நிற்கிறார். அதே பாடகி தன் மொழிச் சபையில் நாடகத்தைத் தாங்க முடிந்ததற்கும், அங்கே தோற்றதற்கும் காரணம் ஒன்றே.

1991இல் பிளாசிதோ தொமிங்கோவோடு இணைந்து அவர் பாடிய இசை நிகழ்ச்சி இசைத்தட்டாக வெளிவந்தது. உலக ஆப்பரா மேடையின் பெரும்பெயரான தொமிங்கோவின் பெற்றோர் இருவரும் சார்சுவேலாப் பாடகர்கள். மெக்சிகோவில் அதற்கென ஒரு குழுவையே நடத்தியவர்கள். மெல்லிசைப் பாடகியும் ஆப்பராப் பாடகரும் ஒரே மேடையில் நிற்க முடிந்தது இருவருக்கும் அடியில் ஓடிய அந்தப் பொது நீரோட்டத்தால்தான் என்று கருத இடமிருக்கிறது. அதன்பின் 1997இல் ‘எல் ஓம்ப்ரே தெ லா மாஞ்சா’ மாட்ரிட்டின் கிரான் வியா சாலையில் லோபே தெ வேகா அரங்கில் மறுபடி எழுந்தபோது, ஹோசே சாக்ரிஸ்தான் டான் குயிக்ஸாட்டாகவும் பலோமா அல்தொன்சாவாகவும் நடித்தார்கள். அல்தொன்சா சத்திரத்தில் பாத்திரம் தேய்ப்பவள். எல்லாரும் இழிவாக நடத்தும் பெண். கிழவர் ஒருவர் அவளை ‘துல்சினேயா’ என்று சீமாட்டியின் பெயரிட்டு அழைக்கிறார். அவள் முதலில் சிரிக்கிறாள், பிறகு கோபப்படுகிறாள், இறுதியில் அந்தப் பெயரைத் தன் பெயர் என்று ஏற்கிறாள். ஒரே பெயர்ச்சொல் மூன்று நிலையில் மூன்று பொருள் தருகிறது. பாடும் குரல் அந்த மாற்றத்தைக் காட்டாவிட்டால் மேடையில் வேறெதுவும் காட்டாது. சாக்ரிஸ்தான் அடிப்படையில் நடிகர். பலோமா அடிப்படையில் பாடகி. ஒருவர் பேச்சிலிருந்து பாட்டை நோக்கியும், மற்றவர் பாட்டிலிருந்து பேச்சை நோக்கியும் நடந்து நடுவில் சந்தித்தார்கள்.

இவர்கள் இருவரும் 2001இல் ‘மை ஃபேர் லேடி’யில் மறுபடி இணைந்தார்கள். மூன்றாவது மறுப்பு இங்கே வருகிறது; கூர்மையானதும் இதுவே. அதன் நாயகி எலைசா இருபது வயதுப் பூக்காரி. 1956இல் நியூயார்க்கில் அவ்வேடமேற்ற ஜூலி ஆண்ட்ரூஸுக்கு இருபது வயது. பலோமாவுக்கோ ஐம்பது. நட்சத்திரம் தன் ஆசைக்காகப் பாத்திரத்தை வளைத்தார் என்ற குற்றச்சாட்டை முற்றாக ஒதுக்க முடியாது. கண்ணுக்கு அது ஒரு குறைதான். ஆனால் இந்த நாடகம் எதைப் பற்றியது? ஒரு பெண்ணின் உச்சரிப்பைப் பற்றியது. அதன் ஸ்பானிய வடிவத்தில் மிகக் கடினமான இடம், ஆங்கிலத்தில் ஸ்பெயினின் மழையைப் பற்றி வரும் உச்சரிப்புப் பயிற்சிப் பாடல். லண்டன்காரிக்கு ஸ்பெயின் தூரத்துப் பெயர். மாட்ரிட்காரிக்கு அது சொந்த ஊர். ஆகவே ஸ்பானியப் பெயர்ப்பு மழையை செவில்யா நகரத்துக்கு நகர்த்தியது. ஆங்கிலப் பயிற்சி ஓர் உயிரொலியைச் சுற்றி அமைந்தது. ஸ்பானியத்தில் அது இரட்டை எல் எழுத்தின் ஒலியைச் சுற்றி அமைந்தது. அந்த ஒலியை யகரத்தோடு கலந்துவிடுவது ஸ்பானியம் பேசுவோரிடையே மிகப் பரவலான வழக்கம். ழகரத்தை ளகரமாக்கும் நாக்கை நாம் அறிவதுபோல அவர்கள் அறிவார்கள். இதைச் சபை ரசிக்க வேண்டுமானால், தவறாகவும் சரியாகவும் ஒலிக்கத் தெரிந்த, இரண்டுக்கும் இடைப்பட்ட பத்துப் படிகளையும் காட்டத் தெரிந்த நாக்கு வேண்டும். அதற்கு வயது தடையாகாது. மேலும், ஆப்பராவும் சார்சுவேலாவும் கண்ட சபை, குரலுக்குரிய வயதைப் பார்க்குமே தவிர முகத்துக்குரிய வயதைத் தேடாது. அந்நாடகம் நடந்த கொலிசேயும் அரங்கு 1930களின் தொடக்கத்தில் சார்சுவேலா இசையமைப்பாளர் ஹசிந்தோ கெரேரோ கட்டியது. இடையில் நெடுங்காலம் திரைப்படக் கொட்டகையாக இருந்தது. பழைய மரபின் பணத்தில் எழுந்த கட்டடத்துக்குள் பெயர்த்த நாடகம் குடிபுகுந்தது வெறும் தற்செயலாகவே இருக்கட்டும். தொடர்ச்சி இருந்தது என்பதற்கு அந்தச் செங்கல்லும் ஒரு சாட்சி.

2005இல் பலோமா ‘விக்டர் விக்டோரியா’வில் நடித்தார். பெண்வேடம் போடும் ஆணாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. ஸ்பெயின் ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய ஆண்டும் அதுவே. 2017இன் இறுதியில் தெனெரிஃபே தீவில், அஸ்பிலிகுவேத்தாவின் இயக்கத்தில், ‘சன்செட் புல்வார்ட்’ நாடகத்தின் நோர்மா டெஸ்மண்டாக மேடையேறினார். பேசும் படம் வந்ததும் உலகம் மறந்துவிட்ட மௌனப்பட நடிகை நோர்மா. அதன் மூலத் திரைப்படம் வெளிவந்தது 1950இல், பலோமா பிறந்த ஆண்டில். எலைசாவில் குறையாகத் தெரிந்த வயது நோர்மாவில் தகுதியாகிவிட்டது.

கடைசி மறுப்பு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. முப்பத்தேழு ஆண்டில் ஐந்து நாடகம். ஐந்தும் பிறமொழியில் இயற்றியவை. உண்மையில் வேர் பிடித்திருந்தால் சொந்தக் காய் எங்கே? இந்தக் கேள்வியின் நியாயத்தை ஏற்கிறேன். பலோமாவுக்கென்று ஒரு ஸ்பானிய இசையமைப்பாளர் முழு நாடகம் ஒன்றை எழுதி, அது நிலைத்திருந்தால் அவருடைய இடம் இன்னும் உயர்ந்திருக்கும். ஆனால் சொந்தப் படைப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. ஆடிப்பாடி நடிக்கும் கலைஞர்களும், மாதக்கணக்கில் ஒரே நாடகத்தை நடத்தும் அரங்குகளும், சீட்டு வாங்கும் சபையும் முதலில் வேண்டும். ‘எவிட்டா’வுக்குப் பிறகுதான் அவை மெல்லத் திரண்டன. 1988இல் பார்சிலோனாவில் தாகோல் தாகோம் குழு, ஆல்பெர்ட் கினோவார்ட் இசையில் ‘மார் இ செல்’ என்ற கட்டலான் இசை நாடகத்தை மேடையேற்றியது. 2005இல் மெகானோ பாப் இசைக் குழுவின் பாடல்களைக் கொண்டு நாச்சோ கானோ மாட்ரிட்டில் ஒரு நாடகம் அமைத்தார். 2013இல் ‘லா யமாதா’ என்ற இசை நாடகம் மாட்ரிட் லாரா அரங்கின் முன்கூடத்தில் சிறிய அளவில் தொடங்கிப் பெரிய அரங்குக்கு நகர்ந்தது. இவை எல்லாம் பலோமாவால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. ஸ்பானிய மொழிச் சொல் பெரிய இசை நாடகத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கை, யாரோ சிலர் தாங்கிக் காட்டியதால் வந்தது என்றுதான் சொல்கிறேன். அந்தச் சிலரில் அவர் முன்வரிசையில் நிற்பவர்.

ஆகவே தொடக்கக் கேள்விக்குத் திரும்பினால், பெயர்த்த பாட்டு யாருடையது? மெட்டு அமைத்தவருடையது என்பதில் ஐயமில்லை. அவருக்கு உரிமைத்தொகை போகிறது, சுவரொட்டியில் பெயர் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டு ஒரு மொழிக்குச் சொந்தமாவது, இரண்டு உயிர் மோதும் இடத்தில் எதை உருக்குவது, எதைக் காப்பது என்று ஒருவர் முடிவெடுக்கும் கணத்தில். அந்த முடிவுக்கு உரிமைத்தொகை இல்லை; வரலாற்றுப் புத்தகத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை. நாடக வரலாறு எழுதுபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். பெயர்த்த நாடகம் எதைப் பற்றி எழுதினாலும் இசையமைப்பாளரின் பெயருக்குக் கீழே பெயர்ப்பாளரின் பெயரையும், அந்தச் சொற்களை முதன்முதலில் வாயில் வைத்துப் பார்த்த பாடகரின் பெயரையும் எழுதுங்கள். மாட்ரிட் ‘எவிட்டா’வுக்கு அந்தப் பெயர்கள் ஆர்த்திமே, அஸ்பிலிகுவேத்தா, பலோமா சான் பாசிலியோ.